கொம்பு எந்தப் பக்கம்

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை தெரிந்திருக்கும். வரிகள் விறுவிறுவென்று மேலே ஓடும். ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்ற நம்பிக்கை வரும். திடீரென்று நின்றுபோகும். கடைசியில் சிவப்பாக நாலு வரி. நாம் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லி, அது இல்லை என்று எழுதியிருக்கும். எனக்கு வந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: ஜேபெக்கின் ஹெட்டர் கோப்புகளோ லைப்ரரியோ கிடைக்கவில்லை, பில்லோவை மூலத்திலிருந்து கட்ட அது கட்டாயம்.

பில்லோ என்பது பைத்தானில் படங்களைக் கையாளுகிற லைப்ரரி. ஃப்ரெட்ரிக் லுண்ட் தொண்ணூறுகளில் தொடங்கிய பைத்தான் இமேஜிங் லைப்ரரியின் வாரிசு. அதை பில் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். 2010-இல் கிளை பிரித்து வளர்த்தவர்கள் அந்தச் சுருக்கத்தை இழுத்துத் தலையணை ஆக்கிவிட்டார்கள். சாதாரணமாக இதை யாரும் கட்ட வேண்டியதில்லை. பிப்பிடம் கேட்டால் ஏற்கனவே கட்டி வைத்த வீல் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிடும், அரை நிமிஷ வேலை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது 32 பிட் செயலி போட்ட பழைய நெட்புக். எனக்கு வேண்டிய பதிப்புக்கு அந்த இனத்துக்கான வீல் இல்லை. தயார் சரக்கு இல்லையென்றால் பிப் மூலநிரலை இறக்கி, "நீயே கட்டிக்கொள்" என்று கணினியின் தலையில் போட்டுவிடும். டெபியன் களஞ்சியத்தில் பழைய பதிப்பு இருந்தது. தோழி எழுதிக் கொடுத்த நிரலுக்கு அது போதவில்லை.

நிரல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அம்மா அங்கன்வாடி டீச்சர். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதத்துக்கு முன்னால் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பெயரட்டை எழுதுவார். மேலே யானை, மயில், பூசணிக்காய் என்று ஒரு படம், கீழே கொட்டை எழுத்தில் பெயர். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போகும். அம்மாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஊரில் கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத அவரிடம்தான் கொண்டுவருவார்கள். இரண்டு வருஷமாக வலது கை நடுங்குகிறது. மருந்து சாப்பிடுகிறார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஸ்கெட்ச் பேனாவை அப்படிப் பிடிக்க முடியாதே. போன வருஷம் எழுதிய அட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்தா பிள்ளைங்க எழுதப் பழகும்?" என்று கேட்டு அலமாரியில் போட்டுவிட்டார். அதனால்தான் பட்டியலைக் கொடுத்தால் அட்டையாகத் தள்ளுகிற நிரல். இருபத்து மூன்று பெயர்கள்.

சரி, ஜேபெக்குக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இந்த இடம்தான். அதே கணினியில் ஜேபெக் படங்கள் நன்றாகத் திறக்கும். அப்புறம் எப்படி ஜேபெக் இல்லை என்கிறது? கம்பைலர் கேட்பது வேறு பொருளை. ஒரு லைப்ரரியில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று ஓடுகிற பாகம், கட்டி முடித்த இயந்திர மொழிக் கோப்பு. இன்னொன்று ஹெட்டர், அதாவது இந்த லைப்ரரியிடம் என்னென்ன வேலை சொல்லலாம், எந்த மாதிரிச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல். மெஸ்ஸில் சமையல்காரர் உள்ளே இருக்கிறார், அடுப்பு எரிகிறது, ஆனால் வாசலில் பலகை இல்லை. ஏற்கனவே வாடிக்கையாக வருகிறவர் சாப்பிட்டுப் போகலாம். புதிதாக வருகிறவர் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார். படம் பார்க்க வைத்திருக்கும் செயலி பழைய வாடிக்கையாளர். பில்லோ அன்றைக்குத்தான் ஊருக்கு வந்தது. டெபியன் வகையறாவில் பலகையை மட்டும் தனிப் பொட்டலமாகக் கட்டி, பெயருக்குப் பின்னால் டெவ் என்று சேர்த்திருப்பார்கள். ஃபெடோராவில் டெவெல். இது தெரிந்துவிட்டால் பாதி எர்ரர்கள் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கடைசி வரியை விட்டுவிட்டு முதலில் தகராறு செய்த வரியைத் தேடிப் போவது. கடைசி வரி வெறும் ஒப்பாரி. செத்தது யார் என்பது மேலே எங்கேயோ இருக்கும். அங்கே ஒரு கோப்பின் பெயர் கிடைத்தால், அந்தக் கோப்பு எந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்று ஆப்ட்-ஃபைலிடம் கேட்டால் சொல்லும். இணையத்தில் கிடைக்கிற நீளமான கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதைவிட இது மெதுவான வழி. ஆனால் போகிற வழியில் பெயர்களைப் படிக்கக் கிடைக்கும்.

பெயர்கள் சுவாரஸ்யமானவை. ஜேபெக்குக்காக நான் நிறுவியதன் பெயர் லிப்ஜேபெக்62-டர்போ-டெவ். அந்த 62, ஜேபெக் லைப்ரரியின் ஆறாம் பதிப்புக் காலத்து அடையாளம். 1998-இல் வந்த 6பி பதிப்போடு ஒத்துப்போகிறேன் என்று இன்றைய லைப்ரரி தோளில் எழுதி வைத்துக்கொண்டு திரிகிறது. அடுத்து ஸீலிப் கேட்டது. படத்தைச் சுருக்கி விரிக்கிற வேலை, ழான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதியது, பிஎன்ஜி படம் எதுவும் இது இல்லாமல் நடக்காது. அதன் பொட்டலப் பெயர் ஸீலிப்1ஜி-டெவ். அந்த 'ஜி' என்ன என்று தேடிப்போனால், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் லினக்ஸ் உலகம் பழைய சி லைப்ரரியிலிருந்து க்னூவின் ஜிலிப்சிக்கு மாறியபோது, "நான் புதியதற்காகக் கட்டப்பட்டவன்" என்று அடையாளம் காட்ட ஒட்டிய எழுத்து. பழையது போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது. எங்கள் ஊரில் இடித்துப்போட்ட சினிமாக் கொட்டகையின் பெயரில் இன்றும் பஸ் நிறுத்தம் இருக்கிறது, அந்த மாதிரி.

இரண்டையும் போட்ட பிறகு கட்டுமானம் ஓடியது. அந்தச் செயலிக்கு அது பெரிய பாரம். டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று ஒரு வரி. நிரலை ஓட்டினால் எழுத்துரு பாகம் நிறுவப்படவில்லை என்று சொல்லி நின்றது. எழுத்துருக் கோப்பைப் படித்து எழுத்தின் வடிவத்தை வரைந்து தருகிற ஃப்ரீடைப் இல்லை. அதன் டெவ்வைப் போட்டு, மறுபடி கட்டி, மறுபடி டீ. இந்த முறை அட்டைகள் வந்துவிட்டன. பட்டியல் அகரவரிசையில் இருந்தது. அமலா. ஆராதனா. படம் மேலே, பெயர் கீழே, கண்ணுக்கு நிறைவாக இருந்தது. கடைத்தெருவில் கொடுத்து அச்செடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா மூன்றாவதோ நாலாவதோ அட்டையில் நின்றார்.

"ஏண்டி, இது யாரு?"

"செல்வி."

"செல்வியா? கொம்பு எங்க நிக்குது பாரு."

சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நின்றது. மோகனுக்கு இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து மகரத்தின் வலப்பக்கம் நெருக்கியடித்துக் கொண்டிருந்தன. குமரனுக்கு உகரக் குறி ககரத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் தனியாகத் தொங்கியது. இதை இங்கே எழுதிக் காட்ட முடியவில்லை. நான் எப்படித் தவறாக எழுதினாலும் நீங்கள் வைத்திருக்கும் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ திருத்திச் சரியாகக் காட்டிவிடும். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த சில சுவரொட்டிகளிலும், பழைய படங்களின் ஓரத்து எழுத்துகளிலும் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

அம்மா கோபப்படவில்லை. அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரியவங்க படிச்சுப்பாங்க. நமக்கு ஏற்கனவே தெரியும்ல. அந்தக் குழந்தை இதுதான் தன் பேருன்னு நெனச்சுக்கும்."

நடந்தது என்ன என்று விளங்க, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிப் படுத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். யூனிகோடில் 'செ' என்பது இரண்டு குறியீடுகள். முதலில் சகரம், அடுத்து எகரக் குறி. நாம் உச்சரிக்கிற வரிசை அதுதான், மெய் முன், உயிர் பின். கண்ணுக்கு மட்டும் கொம்பு முன்னால் வர வேண்டும். 'மோ'வில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும். இந்த இடம் மாற்றுகிற வேலையை யாராவது செய்தாக வேண்டும். ஃப்ரீடைப் செய்யாது. அது வரிசையில் வருகிற வடிவங்களை வரைந்து கொடுக்கிற சித்திரக்காரர், அவ்வளவுதான். இடம் மாற்றி, ஒட்ட வேண்டியதை ஒட்டி அடுக்குகிறவர் ஹார்ஃப்பஸ் என்கிற இன்னொரு லைப்ரரி. பில்லோவுக்கும் அதற்கும் நடுவில் தூது போவது ராக்ம்.

ராக்ம் இல்லையென்றால் பில்லோ நிற்பதில்லை. அடிப்படை அடுக்கு என்று ஒன்று வைத்திருக்கிறது, அதற்குப் போய்விடும். வந்த வரிசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். அமலாவும் ஆராதனாவும் பிழைத்ததும் அதனால்தான். துணைக்கால் எப்படியும் வலப்பக்கம் வருவது. ஆராதனாவின் 'னா' பிழைத்ததற்கு 1978-க்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு அந்த வருஷம் ஏற்றதால்தான் ணா, றா, னா மூன்றும் பழைய சுழியை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைப் போலத் தனிக் கால் வாங்கிக்கொண்டன. கொம்புகள் மட்டும் இருந்த பக்கத்திலேயே இருந்தன.

அன்றிரவு, கட்டும்போது நடப்பதை எல்லாம் காட்டு என்று சொல்லி மறுபடி கட்டினேன். பிப் சாதாரணமாக உள்ளே ஓடுவதைக் காட்டாது. ஒரு விரிவாக்கக் கொடியைச் சேர்த்துக் கேட்டால்தான் காட்டும். ஓடி முடிந்து கடைசியில் பில்லோ ஒரு சுருக்கப் பட்டியல் போடுகிறது. இருப்பவற்றுக்கு முன்னால் மூன்று கோடு, இல்லாதவற்றுக்கு முன்னால் மூன்று நட்சத்திரம். ஜேபெக், கோடு. ஸீலிப், கோடு. ஃப்ரீடைப், கோடு. ராக்ம், எழுத்து அடுக்கு: மூன்று நட்சத்திரம். அதற்கடுத்த வரி, வெற்றிகரமாக நிறுவப்பட்டது.

இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான். இல்லை என்று கத்துகிற சார்பைப் பற்றி நாம் நிறையப் புலம்புகிறோம். அது பரவாயில்லை. ஜேபெக் கத்தியது, பதில் கிடைத்தது. ஃப்ரீடைப் கொஞ்சம் தாமதமாக, ஆனால் கத்தியது. ராக்ம் மட்டும் சத்தமே போடவில்லை. அது கட்டாயச் சார்பு இல்லை, விருப்பச் சார்பு. விருப்பச் சார்பு இல்லாவிட்டால் கட்டுமானம் அதைக் கழித்துவிட்டு மீதியைக் கட்டி, முடிந்தது என்று சொல்லும்.

யாருடைய விருப்பம்? ஜேபெக் இல்லாத படக் கருவி யாருக்கும் உதவாது என்று கட்டாயமாக்கினார்கள், நியாயம். கொம்பு இடம் மாறாத தமிழ் எனக்கு எந்த விதத்தில் உதவும்? எதிர்ப்பக்க வாதமும் எனக்குத் தெரியும். பில்லோவை நிறுவுகிறவர்களில் பெரும்பாலானோர் அதில் ஓர் எழுத்துகூட எழுத மாட்டார்கள். சர்வரில் புகைப்படத்தை வெட்டிச் சின்னதாக்குவார்கள். அவர்கள் எல்லோரையும் இன்னும் மூன்று லைப்ரரிகளைத் தேட வைத்தால் சிவப்பு வரிகள்தான் பெருகும். நானே பராமரிப்பவளாக இருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் வைத்திருப்பேன். எனக்கு உறுத்துவது விருப்பம் என்பதல்ல, மௌனம். ஃப்ரீடைப் இல்லாமல் எழுத்துருவைத் திறந்தால் நிற்கத் தெரிந்த நிரலுக்கு, ராக்ம் இல்லாமல் எகரக் குறி கையில் வந்தால் நிற்கத் தெரியாதா?

சார்பு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. நன்னூல் எழுத்துகளை முதலெழுத்து, சார்பெழுத்து என்று பிரித்து, சார்பெழுத்து பத்தில் முதலாவதாக உயிர்மெய்யை வைக்கிறது. தனித்து நிற்காது, இரண்டைச் சார்ந்து பிறப்பது. அன்றைக்கு உடைந்தவை எல்லாம் உயிர்மெய்கள்.

பழுது பார்ப்பது சுலபமாகத்தான் இருந்தது. ராக்மின் டெவ் பொட்டலத்தைக் கேட்டால் அதுவே ஹார்ஃப்பஸ்ஸையும் ஃப்ரைபிடியையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது. ஃப்ரைபிடி யார் என்று பார்த்தேன். அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளும் இடமிருந்து வலமாக எழுதும் மொழிகளும் ஒரே வரியில் கலந்தால் எது எந்தத் திசையில் போக வேண்டும் என்று முடிவு செய்கிற லைப்ரரி. தமிழுக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. ஆனால் அதுவோ, அதே வேலையைச் செய்யும் ஷீன்பிடியோ இல்லாமல் ராக்ம் எழுந்து நிற்காது. ராக்ம் இல்லாமல் செல்வியின் கொம்பு இடம் பெயராது. விழுப்புரம் பக்கத்து அங்கன்வாடிப் பிள்ளையின் பெயர் சரியாக வர, அரபு எழுத்தின் திசை தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும்.

ஹார்ஃப்பஸ் என்பதே பாரசீகச் சொல்தான். ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வடிவத்தின் பெயரை அப்படியே பாரசீகத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அதை நீண்ட காலம் வளர்த்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். ராக்ம் அரபுச் சொல். எழுத்து என்றும் எண் என்றும் பொருள் வரும். அதன் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் காலித் ஹோஸ்னி, அமிரி என்ற அழகான அரபு எழுத்துருவைச் செய்தவர். தங்கள் எழுத்து திரையில் உடைந்து வந்ததைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாதவர்கள் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். ஹார்ஃப்பஸ்ஸுக்குள் இந்திய எழுத்துகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. நம் கொம்பு அங்கேதான் இடம் மாறுகிறது.

எல்லாம் வந்துவிட்டது என்று மறுபடி நிறுவினால் இரண்டே நொடியில் முடிந்தது. டீ போடக்கூட நேரமில்லை. சந்தேகம் வர வேண்டிய வேகம். ஒருமுறை கட்டிய வீலை பிப் தன் கேஷில் பத்திரமாக வைத்திருக்கும். அடுத்த முறை அதே பதிப்பைக் கேட்டால், உலகம் மாறியது தெரியாமல், பழைய வீலையே எடுத்து நீட்டும். ராக்ம் இல்லாத நாளில் கட்டியது ராக்ம் இல்லாததாகவே திரும்ப வரும். பலர் இந்த இடத்தில்தான், டெவ் எல்லாம் போட்டும் சரியாகவில்லை, எழுத்துருவில்தான் கோளாறு என்று முடிவு செய்து பத்து எழுத்துருக்களை மாற்றிப் பார்ப்பார்கள். கேஷைத் தொடாதே, வலுக்கட்டாயமாக மறுபடி நிறுவு என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒழுங்காகக் கட்டத் தொடங்கும்.

இன்னொன்றும் சேர்த்தேன். புதிய பில்லோ பதிப்புகளில், கட்டும்போது ஓர் அமைப்பு கொடுக்கலாம்: ராக்ம் வேண்டும் என்று. கொடுத்துவிட்டால் அன்றைக்கு அது விருப்பம் இல்லை. கிடைக்காவிட்டால் ஜேபெக்கைப் போலவே சிவப்பில் கத்திவிட்டு நிற்கும். இந்த முறை கத்தவில்லை. கட்டி முடிந்ததும், ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவையே கேட்டேன். ட்ரூ என்றது.

மறுநாள் இருபத்து மூன்று அட்டைகளையும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொரு கொம்பின் மேலும் விரலை வைத்து, பக்கம் சரிதான் என்று உறுதி செய்த பிறகே அடுத்ததற்குப் போனார். விரல் நடுங்கியது. கௌதமில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் மாதிரியே இருக்கிறது, பிள்ளை கௌவைக் கெள என்று படிக்குமே என்றார். அதற்கு எந்த லைப்ரரியும் இல்லை, எழுத்தே அப்படி என்றேன். "நான் எழுதும்போது அதைச் சின்னதா எழுதுவேன்," என்றார். எழுத்துருக்களைத் தேடி, அந்தப் பாதியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருந்த ஒன்றைப் பிடித்து அந்த ஓர் அட்டையை மட்டும் மாற்றினோம்.

இப்போது பக்கத்துக் கிராமத்து அங்கன்வாடிக்கும் நிரல் போயிருக்கிறது. அனுப்புவதற்கு முன் அதன் தலையில் மூன்று வரி சேர்த்தேன்: ராக்ம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் ஓர் அட்டைகூடப் போடாது, "ராக்ம் இல்லை, கொம்பு இடம் மாறி வரும், நிறுத்துகிறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த டீச்சரின் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"அக்கா, ஓட மாட்டேங்குது. ராக்ம் இல்லைன்னு வருது."

"நல்லது. உன்னுது என்ன லினக்ஸ்?"

"உபுண்டு."

"அப்ப லிப்ராக்ம்-டெவ் போடு. போட்டுட்டு பில்லோவ மறுபடி கட்டு. ரெண்டு செகண்டுல முடிஞ்சா நம்பாத."